டோனர் முட்டையும் தாயின் வயதும்: கேள்வி பதில்

(டோனர் முட்டை என்றால் வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டை. பதில் சொல்பவர் ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு ஆய்வகத்தில் கருவியலாளர். மாத்திரை, ஊசி அளவெல்லாம் உங்கள் டாக்டரிடம்.)

கோவை வாசகி: எனக்கு 44. டோனர் முட்டை வைத்தாலும் என் வயதால் தங்காமல் போகுமா?

நம் நாட்டின் 2021 கருத்தரிப்பு சிகிச்சைச் சட்டப்படி முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். கருவின் தரம் பெரும்பாலும் அந்த வயதைப் பொறுத்தது, உங்கள் வயதை அல்ல. 40-ஐத் தாண்டிய முட்டையில் குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவது அதிகம். மைக்ராஸ்கோப்பில் லட்சணமாகத் தெரியும் கருவிலும் உள்ளே குரோமோசோம் ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கலாம். கருப்பை அந்த வேகத்தில் மூப்படைவதில்லை. மாதவிலக்கு நின்றவருக்கும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்கள் கொடுத்தால் உட்சுவர் தயாராகிவிடும். 40 தாண்டி, சூலகம் ஓய்ந்த பெண்களும் இப்படிக் கருத்தரிப்பதை 1990-லேயே கலிஃபோர்னியா மருத்துவர்கள் காட்டினார்கள். அமெரிக்கப் பதிவுகளில் டோனர் முட்டைக் கருவைக் கருப்பையில் வைக்கும் ட்ரான்ஸ்ஃபரில் ஏறக்குறைய பாதி குழந்தைப்பேறில் முடிகிறது. 45 வரை பெரிய மாற்றமில்லை. அதன்பின் கொஞ்சம் இறங்குகிறது.

திருச்சி: 43, ஏஎம்எச் 0.3. டோனர் முட்டையில் வாய்ப்பு உண்டா?

கோவைக்குச் சொன்னதேதான். ஏஎம்எச் என்ற ரத்தப் பரிசோதனை உங்கள் சொந்த முட்டைக் கையிருப்பைத்தான் காட்டும். டோனர் முட்டை சிகிச்சையில் அதற்கு வேலையில்லை.

மதுரை: டோனர் முட்டைக்கு வயது பாதிப்பில்லை என்கிறீர்கள். பிறகு சிகிச்சைக்கான வயது வரம்பைப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று 2021 சட்டம் ஏன் பிரித்தது?

முட்டைக்குத்தான் பாதிப்பில்லை என்றேன். சுமப்பது உங்கள் இதயமும் ரத்தக்குழாயும். 50 தாண்டி டோனர் முட்டையில் கருவுற்ற பெண்களைப் பற்றி 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு மேல் ப்ரீ-எக்ளாம்ப்சியா (கர்ப்பத்தில் பிபி ஆபத்தாக ஏறுவது), ஐந்தில் ஒருவருக்கு கர்ப்பகால சுகர். பெரும்பாலோருக்குச் சிசேரியன். இன்னொன்று: டோனர் முட்டையே தாயின் உடலுக்கு அந்நியம் என்பதால், இளம் தாய்க்கும் பிபி அபாயம் கூடுகிறது.

சேலம்: ஆந்திராவில் 2019-ல் 74 வயது அம்மா இரட்டைக் குழந்தை பெறவில்லையா?

பெற்றார். அப்போது இந்தச் சட்டம் இல்லை. ஒருவர் தப்பியதை வைத்து மற்றவர்களுக்குக் கணக்குப் போடக்கூடாது.

மதுரை மறுபடி: ஆணுக்கு மட்டும் ஐந்து வருஷம் சலுகையா?

அவர் சுமப்பதில்லை, அதனால் மருத்துவக் காரணம் குறைவு. ஆனால் 55-ல் அப்பா ஆனவர், பிள்ளை கல்லூரி போகும்போது 73. இதில் எனக்கும் உங்களுக்கும் பெரிய சண்டை இல்லை. மூத்த ஆணின் விந்தில் புதிய மரபணு மாற்றங்கள் சேர்வதையும் யாரும் கேட்பதே இல்லை.

தஞ்சை: மாமியார் இரட்டைக் குழந்தை கேட்கிறார். 46 வயது. இரண்டு கரு வைக்கலாமா?

வேண்டாம். இளம் டோனரின் நல்ல கரு ஒன்றே போதும். இரட்டை என்றால் குறைப்பிரசவமும் பிபியும் கூடவே வரும். வலியைத் தாங்கப்போவது மாமியார் இல்லை.

ஈரோடு: 47 வயது. ஒரே தடவையில் முடிந்துவிட இரண்டு கரு...

தஞ்சை பதில். ஒன்று. ஒன்றே ஒன்று.

நெல்லை: என் தங்கைக்கு 30. அவள் முட்டை தரலாமா? பணம் கொடுப்போம்.

பதிவு பெற்ற முட்டை வங்கி வழியாகத்தான் முட்டை வரவேண்டும், தானம் தருபவர் யார் என்பது ரகசியம். விலைக்கு வாங்குவது குற்றம். ஒரு பெண் வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், எடுப்பது ஏழு முட்டைக்கு மேல் கூடாது. 'தங்கையை அழைத்து வாருங்கள், பார்த்துக்கொள்கிறோம்' என்று எந்த இடம் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காரைக்குடி: எனக்கு 46, கணவருக்கு 57. முடியுமா?

வயது வரம்பு இருவருக்கும் தனித்தனி. வக்கீலைப் பாருங்கள்.

நாகர்கோவில்: குழந்தை என் சாயலில் இருக்குமா? சட்டப்படி யாருடையது?

ஜீன் உங்களுடையது இல்லை, அதனால் மூக்கும் முகமும் உறுதி சொல்ல முடியாது. சட்டப்படி அது உங்கள் குழந்தை, தானம் தந்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஓசூர்: எனக்கு 42. வாய்ப்பு எவ்வளவு?

மேலே போய்ப் படியுங்கள். படித்துவிட்டு முதலில் பிபி, சுகர், எக்கோ (இதய ஸ்கேன்) பாருங்கள், கரு அதன்பிறகு.