பிரீமியம் குறைவு என்று ஹை டிடக்டிபிள் பிளான் எடுக்கலாமா? ஹெச்.எஸ்.ஏ. எப்படி வேலை செய்கிறது?

டல்லாஸில் புது வேலை, மனைவி, மூன்று வயதுப் பையன், கம்பெனி காட்டும் இரண்டு மருத்துவக் காப்பீட்டு பிளானில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். டிடக்டிபிள் என்றால் வருஷத்தில் காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை. ஹெச்.எஸ்.ஏ. என்பது ஹை டிடக்டிபிள் பிளான் எடுத்தவர்கள் மருத்துவச் செலவுக்காக வரியில்லாமல் பணம் சேர்க்கும் கணக்கு. பையனுக்கு மாதாமாதம் மருந்து, அடிக்கடி டாக்டர் என்று இல்லாவிட்டால் ஹை டிடக்டிபிள் பிளானையே எடுங்கள். ஆனால் முதல் சில மாதங்களுக்கு டிடக்டிபிள் தொகையைக் கையில் தனியாக வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

நாங்கள் அந்த பிளானுக்கு மாறிய வருஷம், ஜனவரி கடைசியில் மகள் சோபாவிலிருந்து விழுந்து முழங்கையில் எலும்பு விரிசல். எமர்ஜென்சி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு. நெட்வொர்க் விலைக்கு (காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனையோடு பேசி வைத்த விலை) குறைத்த பிறகும் பில் 1,900 டாலர். டிடக்டிபிள் 4,000 என்பதால் முழுவதும் எங்கள் தலையில். ஹெச்.எஸ்.ஏ. ஆப்பைத் திறந்தால் இருப்பு 210 டாலர்! எஃப்.எஸ்.ஏ. என்று கம்பெனி வழியாகக் கிடைக்கும் இன்னொரு மருத்துவச் செலவுக் கணக்கில் வருஷத் தொகை முழுவதையும் முதல் நாளிலிருந்தே எடுக்கலாம். ஹெச்.எஸ்.ஏ.வில் அதுவரை சம்பளத்தில் பிடித்துப் போட்டது மட்டும்தான் இருக்கும். இந்த வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் கார்டில் கட்டிவிட்டு பில்லை ஸ்கேன் செய்து வைத்தேன். அக்டோபரில் கணக்கில் பணம் சேர்ந்ததும் அந்த 1,900-ஐ வரியில்லாமல் எடுத்துக்கொண்டேன். பில்லுக்குக் காலக்கெடு கிடையாது. பத்து வருஷம் கழித்தும் எடுக்கலாம். ஆனால் கணக்கு திறப்பதற்கு முன் நடந்த செலவு செல்லாது. அதனால் பிளான் தொடங்கிய அன்றே கணக்கையும் திறந்துவிடுங்கள்.

2026-இல் குடும்பத்துக்கு 8,750 டாலர் வரை போடலாம், கம்பெனி தருவதும் அதற்குள்தான். சம்பளத்திலிருந்தே போனால் வருமான வரி மட்டுமல்ல, சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமான 7.65 சதவீதமும் மிச்சம். மீதிப் பணம் அடுத்த வருஷத்துக்குப் போகும், வேலை மாறினாலும் கணக்கு உங்களுடையதுதான். மருத்துவம் தவிர வேறு எதற்காவது 65 வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு.

குழந்தையின் தடுப்பூசி, வருடாந்தர செக்கப் எல்லாம் டிடக்டிபிளைத் தொடாமலே இலவசம், நெட்வொர்க் டாக்டரிடம் போனால் போதும்.

நம்மவர்கள் அடிக்கடி கேட்பது ஊர்ச் செலவு பற்றி. விடுமுறையில் மதுரையில் நீங்களே பல்லுக்கு ரூட் கேனால் செய்துகொண்டால் அந்தச் செலவு செல்லும், ரசீதை வாங்கி வையுங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் மருத்துவச் செலவுக்கு இந்தப் பணத்தைத் தொட முடியாது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் இந்தியாவில் வசிக்கிறவர்களை இங்கே வரிக் கணக்கில் டிபெண்டென்ட்டாக (நம்மைச் சார்ந்தவராக) காட்ட வழியில்லை. எனக்கு இன்னமும் மனசு ஆறாத விஷயம் இது.

உங்கள் மனைவி வேலைக்குப் போனால், அவர் கம்பெனியில் சாதாரண மருத்துவ எஃப்.எஸ்.ஏ. எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்தால் நீங்கள் ஹெச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதி போய்விடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹெச்.ஆரிடம் ஒன்று கேளுங்கள்: கம்பெனி ஹெச்.எஸ்.ஏ.வில் எவ்வளவு போடும், ஜனவரியிலேயே மொத்தமாகவா, சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகவா?