தாலின் பழைய நகரம்: துறைமுகத்திலிருந்து மேலே ஏறுங்கள்

கேள்வி: மகளைப் பார்க்க ஹெல்சிங்கி வந்திருக்கிறேன். வயது 61. செப்டம்பரில் ஒருநாள் கப்பலில் தாலின் போய், பழைய நகரத்தைச் சுற்றிவிட்டு இரவுக்குள் திரும்ப ஆசை. மகளுக்கு வேலை இருப்பதால் தனியாகத்தான் போக வேண்டும். முட்டிவலி உண்டு, சைவச் சாப்பாடு. தனி விசா வேண்டுமா? எங்கே தொடங்கி எப்படிச் சுற்றுவது?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். பின்லாந்துக்கு எடுத்த ஷெங்கன் விசாவே, தாலின் இருக்கும் எஸ்டோனியாவுக்கும் செல்லும். இரண்டு நாடுகளுமே ஷெங்கன் எல்லைக்குள் இருப்பதால், ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றாலும் திரும்பி வருவதில் சிக்கல் இல்லை. அசல் பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும். அங்கும் யூரோதான், கடிகார நேரமும் ஒன்றுதான். கப்பல் பயணம் சுமார் இரண்டு மணி நேரம். காலையில் சீக்கிரம் கிளம்பும் கப்பலைப் பிடியுங்கள்.

தாலினில் இறங்கும் கூட்டம் பெரும்பாலும் விரு வாயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே நகரமன்றச் சதுக்கத்துக்குள் நுழைந்துவிடும். நீங்கள் அப்படிப் போக வேண்டாம். வடக்கே 'தடித்த மார்கரெட்' என்ற உருண்டைக் கோபுரத்தை ஒட்டியிருக்கும் கரையோர வாயிலில் தொடங்குங்கள். துறைமுகத்திலிருந்து கால் மணி, இருபது நிமிட நடை. அங்கே ஆரம்பிக்கும் பிக் தெருதான் இந்த ஊரின் முதுகெலும்பு. ரெவால் என்ற பெயரில் இது ஹான்சா வணிகக் கூட்டமைப்பின் நகரமாக இருந்த காலத்தில், கப்பலில் வந்த உப்பு இந்த வழியாகத்தான் ஏறியது. ரஷ்யப் பக்கத்து மெழுகும் விலங்குகளின் மென்மயிர்த் தோலும் இந்த வழியாகத்தான் இறங்கின. சரக்கு போன பாதையிலேயே நீங்களும் நடந்தால், எந்தக் கட்டடம் ஏன் அங்கே நிற்கிறது என்பது தானாகப் புரியும்.

தெருத் தொடக்கத்திலேயே 'மூன்று சகோதரிகள்' என்ற ஒட்டு வீடுகள் வரும். அவசரப்படாமல் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பாருங்கள். முகப்பில் மாடிக்கு மாடி கதவு போன்ற திறப்புகள் தெரியும். அவை ஆள் புழங்க வைத்தவை அல்ல. இப்படிப்பட்ட வீடுகளின் உச்சியிலிருந்து ஒரு உத்தரம் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் கப்பி மாட்டி, கயிற்றில் மூட்டையைத் தூக்கி, அந்தத் திறப்பு வழியாக உள்ளே இழுத்துக்கொள்வார்கள். வணிகர் குடும்பம் கீழே குடியிருக்க, மேல்மாடிகள் முழுக்கக் கிடங்கு. இதை ஒருமுறை கவனித்துவிட்டால், தெரு முழுவதும் உங்கள் கண் தானாகவே உச்சிக்குப் போகும்.

அடுத்து ஓலெவிஸ்டெ தேவாலயம். சுமார் 124 மீட்டர் உயரம். கோபுரத்தின் மேலே போகக் குறுகலான சுழல்படிதான் உண்டு. உங்கள் முட்டிக்கு அது வேண்டவே வேண்டாம். இன்னும் மேலே நடந்தால் 'கருந்தலையர்' சங்கத்தின் வண்ணக் கதவு, அதைத் தாண்டிப் பெரிய வணிகச் சங்கத்தின் மண்டபம். முதல் சங்கம் மணமாகாத வணிகர்களுடையது, இரண்டாவது மணமான பெருவணிகர்களுடையது. மண்டபத்துக்கு எதிரே, தூய ஆவி தேவாலயச் சுவரில் 17ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குக் கடிகாரம் இருக்கிறது. சிறியதுதான், ஆனால் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

தெரு முடிகிற இடத்தில் கோபுர வாயிலைக் கடந்து 'நீண்ட கால்' என்னும் சரிவு டூம்பெயா குன்றுக்கு ஏறுகிறது. படி இல்லை, நின்று நின்று ஏறலாம். மேலே பிரபுக்களும் பிஷப்பும், கீழே ஜெர்மன் நகரமான லூபெக்கின் சட்டப்படி தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட வணிகர்கள் என்று இரண்டும் தனித்தனி ஊர்களாகவே இருந்தன. இரண்டுக்கும் இடையே கதவும் காவலும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஒரே நகராயின.

குன்றின் மேல் நாடாளுமன்றம் இருக்கும் கோட்டையும், ரஷ்யப் பேரரசுக் காலத்தில் 1900இல் முடிந்த அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயமும் எதிரெதிரே நிற்கின்றன. கோஹ்டுவொட்சா காட்சிமேடையில் சுற்றுலாக் குழுக்கள் நெருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் ஒரு குழு நகர்ந்துவிடும். மதில் கோபுரங்களை வரிசையாகப் பார்க்க அருகிலுள்ள பட்குலி மேடை இன்னும் நல்லது.

இறங்கும்போதுதான் முட்டிக்குச் சோதனை. 'குட்டைக் கால்' படிகளையும் பட்குலி படிக்கட்டையும் விட்டுவிட்டு, கோட்டைக்குத் தெற்கே டூம்பெயா தெருச் சரிவில் விடுதலைச் சதுக்கம் வரை வாருங்கள். அங்கிருந்து ஹர்யு தெரு. 1944 மார்ச்சில் சோவியத் விமானங்கள் குண்டு வீசி அழித்த பகுதி இது. அப்போது எரிந்த நிகுலிஸ்டெ தேவாலயம் பின்னர் மீட்டெடுக்கப்பட்டு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பெர்ன்ட் நோட்கெ வரைந்த 'மரண நடனம்' ஓவியத்தில் எஞ்சிய பகுதி உள்ளே இருக்கிறது. அரசரும் போப்பும் எலும்புக்கூடுகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே ஒரு இடத்துக்கு டிக்கெட் எடுப்பதென்றால் இதற்கு எடுங்கள். கோபுரத்துக்கு லிஃப்ட் இருப்பதால், உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் ஆசையும் இங்கேயே தீரும்.

நகரமன்றச் சதுக்கத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1404இல் கட்டி முடித்த நகரமன்றமும், 1422க்கு முன்பிருந்தே நடந்துவரும் மருந்துக்கடையும் அங்கே இருக்கின்றன. சாப்பாட்டைச் சதுக்கத்து மேசைகளில் வைத்துக்கொண்டால் விலை கூடுதல். பக்கத்துத் தெருக்களில் பாருங்கள். காளான் சூப் என்றாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், கேட்டே வாங்குங்கள். கறுப்பு ரை ரொட்டியும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

தனியாகப் போவதற்குப் பயப்பட வேண்டாம். நெரிசலில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொண்டால் போதும். அவசர எண் 112. உருண்டைக் கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும் என்பதால் செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். திரும்பும் கப்பல் எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறது என்பதைக் காலையிலேயே குறித்து வையுங்கள். ஏ, டி என்று இரண்டு உண்டு; மாறிப் போனால் அந்தத் தூரத்தையும் நடக்க வேண்டியிருக்கும். கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே அங்கே போய் உட்கார்ந்துவிடுங்கள்.