கல்யாண வீடியோவை டிவிடியில் ஏற்றுவது: கேள்வி பதில்

வீட்டு விசேஷ வீடியோக்களை டிவிடியில் ஏற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா கல்யாண வீடியோவின் எம்பி4 கோப்பை டிவிடியில் எழுதினேன். கணினியில் ஓடுகிறது. அம்மா வீட்டுப் பழைய பிளேயரில் ஓடவில்லை. டிஸ்க் மட்டமா?

டிஸ்க் மேல் பழியில்லை. நீங்கள் கோப்பை அப்படியே நகல் எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பழைய பிளேயர்கள் பலவற்றுக்கு எம்பி4 புரியாது. படம் எம்பெக்-2 என்ற டிவிடி வடிவத்துக்கு மாற வேண்டும். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறைக்கு அளவு 720 × 576, நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். பிறகு எல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ கோப்புகளாக உட்கார வேண்டும். இதைத்தான் ஆத்தரிங் என்கிறோம்.

டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் செய்துவிடும். தொடங்கும்போதே பால் என்று தேர்ந்தெடுங்கள். நேராக டிஸ்க்கில் எழுதாமல் முதலில் முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக அடக்கும் ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து, விஎல்சி என்ற பிளேயர் மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். மெனு, ஒலி எல்லாம் சரியென்றால் இம்க்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் எழுதுங்கள். இந்த ஒரு பழக்கம் எத்தனையோ டிஸ்க்குகளை வீணாகாமல் காப்பாற்றும்.

மூன்று மணி நேர வீடியோ ஒரே டிஸ்க்கில் அடங்குமா?

அடங்கும், ஆனால் படம் கொஞ்சம் மங்கும். டிஸ்க்கின் கொள்ளளவான 4.7 ஜிபி என்பது 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.38 என்று காட்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் ஒலியும் சேர்த்து நொடிக்கு சுமார் 5 மெகாபிட் கிடைக்கும், அது நல்ல தரம். மூன்று மணி நேரம் என்றால் மூன்றரைக்குள் இறங்கிவிடும். தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் அட்சதை போடுவார்களே, திரை முழுக்க அசையும் அந்த மாதிரிக் காட்சிகளில் கட்டம் கட்டமாக உடையும். முகூர்த்தம் ஒன்று, வரவேற்பு ஒன்று என இரண்டு டிஸ்க்காகப் பிரியுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

வெற்று டிஸ்க்கில் இரண்டு வகை விற்கிறார்களே, டிவிடி மைனஸ் ஆரா (DVD-R), பிளஸ் ஆரா (DVD+R)? எந்த வேகம்?

மிகப் பழைய பிளேயர் என்றால் மைனஸ் ஆர். வேகம் 8எக்ஸ் போதும். எழுதி முடித்ததும் வெரிஃபை செய்யுங்கள், அதாவது எழுதியது சரியாகப் பதிந்ததா என்று மென்பொருளையே சரிபார்க்க விடுங்கள்.

1994-இல் எடுத்த விஎச்எஸ் கேசட் ஒன்று இருக்கிறது. சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. விசிஆர் டெக்கில் போட்டுப் பார்க்கலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். பெரும்பாலும் அது பூஞ்சை. டெக்கின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். நாடா அறுந்தும் போகலாம். கேசட் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சுத்தமானபின், டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகிப் பதியலாம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரமும் ஆகும், குறுக்கு வழியில்லை. இன்னொன்று: விஎச்எஸ் படம் இன்டர்லேஸ் ஆனது, அதாவது ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகள் மாறி மாறி வரும், நொடிக்கு 50 அரைப்படங்கள். கணினித் திரையில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயந்து டிஇன்டர்லேஸ் செய்து, அரைப்படங்களை முழுப்படங்களாக மாற்றிவிடாதீர்கள். டிவிடி அதை அப்படியே ஏற்கும். மாற்றினால் அசைவின் வழவழப்பு போய்விடும்.

டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாமா? எத்தனை வருஷம் தாங்கும்?

ஸ்டிக்கர் வேண்டாம், சுழலும்போது எடை ஒருபக்கமாகும், நாளாக ஆக ஓரம் தூக்கும். டிஸ்க்குக்கென்றே விற்கும் மார்க்கரால் எழுதுங்கள். உள்ளே இருப்பது சாயப் படலம், அதற்கு வெயிலும் வெக்கையும் ஆகாது. வருஷக் கணக்குச் சொல்லி உங்களை நம்பவைக்க எனக்கு மனமில்லை. கேசட்டிலிருந்து எடுத்த மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஒரு ஹார்டு டிஸ்க்கில் உங்களிடமும், இன்னொன்றில் அக்கா வீட்டிலும் இருக்கட்டும்.