அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள்

“சேர்ந்து தங்கியிருக்கும் தோழிகள் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவாமல் போட்டுவிடுகிறார்கள். சண்டை வராமல் எப்படிச் சொல்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

சண்டை வரக்கூடாது என்று நீங்கள் கவலைப்படுவதிலிருந்தே தெரிகிறது, அந்த வீட்டில் நீங்கள்தான் வயதில் மூத்தவர். மற்றவர்கள் உங்களை அக்கா என்று கூப்பிடுகிறார்கள், சரிதானே? அங்கேதான் கோளாறு தொடங்கியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது.

2018 ஜூனிலிருந்து 2020 மார்ச்சில் ஊரடங்கு வரும்வரை, சென்னை துரைப்பாக்கத்தில் நான்கு பெண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். சேலம், திருச்சி, நாகர்கோவில் என்று ஆளுக்கோர் ஊர். நான் கோவில்பட்டி. மூவருக்கும் 23, 24 வயது. எனக்கு 29. வந்த முதல் வாரமே நான் அக்காவாகிவிட்டேன், மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சமையல் சாமான்கள் பெரும்பாலும் என் வீட்டிலிருந்து வந்தவை. அம்மாவின் பெயரும் 1987 என்ற வருடமும் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள். அந்தப் பாத்திரங்கள் சிங்க்கில் காய்ந்து கிடப்பதைப் பார்த்தால் அம்மாவையே யாரோ மரியாதை இல்லாமல் பேசியதுபோல இருக்கும். “வெறும் பாத்திரம்தானே” என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெண்கள் மட்டுமே இருக்கும் வீட்டில் சமையலறை கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் தம்பியே அப்படித்தான் நினைத்தான். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான்.

மூவரும் கெட்டவர்கள் அல்ல. எனக்குக் காய்ச்சல் வந்தபோது சேலத்துப் பெண் இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அன்று கஞ்சி வைத்த பாத்திரத்தை, காய்ச்சல் விட்டதும் எழுந்து விளக்கியது நான்தான். தட்டை எடுத்துப்போய் சிங்க்கில் வைப்பதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். வீட்டில் அதற்குப் பிறகு நடப்பதை அவர்கள் பார்த்ததில்லை. நான் கழுவினால், “ஐயோ அக்கா, நீங்கள் ஏன் செய்கிறீர்கள்? நான் செய்திருப்பேனே” என்பார்கள். இந்த ‘செய்திருப்பேனே’ இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு இரத்தக் கொதிப்பே வந்திருக்கும்.

2019 கோடை வந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்த வருடம். எங்கள் பகுதிக்கு லாரித் தண்ணீர்தான் கதி. காலையில் அரை மணி நேரம் மோட்டார் போடுவார்கள், அதற்குள் வாளிகளையும் குடங்களையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். இப்போது அவர்களுக்குக் காரணமும் கிடைத்துவிட்டது: “தண்ணீர் இல்லையே அக்கா!” உடனே அலசி ஊறவைத்த தட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும், சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிய தட்டுக்கு அரை வாளி வேண்டும் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தண்ணீர் இல்லாதபோதுதான் உடனே கழுவ வேண்டும். இட்லி மாவுப் பாத்திரம் காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டும். பால் பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வெந்நீர் ஊற்றினால் ஆடை இன்னும் இறுகிப் பிடிக்கும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை.

ஜூலை 12ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்து சேர்ந்ததை இரவு செய்தியில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். எல்லோரும் நெகிழ்ந்துபோனோம். திருச்சிக்காரி தண்ணீரின் அருமையைப் பற்றி ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டை சிங்க்கில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். குக்கரை நாகர்கோவில் பெண் கழுவியதாகச் சொல்லியிருந்தாள். கழுவித்தான் இருந்தாள், வெளிப்பக்கம் மட்டும். மூடியில் வெயிட் போடும் குழாய்க்குள் முந்தின சமையலின் பருப்பு காய்ந்து அடைத்திருந்தது. விசில் வரவில்லை. வரும் வரும் என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அழுத்தம் போக வழியில்லாமல், சேப்டி வால்வுக்குள் இருக்கும் உலோகம் உருகி, பருப்பு முழுவதும் பீய்ச்சிக்கொண்டு கூரையில் போய் ஒட்டியது. நான் அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி நின்றதால் இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறேன். (நானும் குழாயைப் பார்த்துவிட்டு மூடியிருக்க வேண்டும் என்பீர்கள். ஆமாம், பார்த்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன்.)

அந்த மஞ்சள் கறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலி செய்தபோது வீட்டுக்காரர் அதைக் காட்டி, முழு வீட்டுக்கும் வெள்ளையடிக்கும் செலவை முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். கறை இருந்தது சமையலறையில், இரண்டு முழம் அகலத்துக்கு. கொடுத்திருந்ததோ பத்து மாத வாடகை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர. எல்லா வீட்டுக்காரர்களும் அந்த ‘தவிர’வில்தான் குடியிருக்கிறார்கள். திருமணமாகாத பெண்களுக்கு வீடு கொடுத்ததே பெரிய உபகாரம் என்று வேறு சொல்லிக் காட்டினார். போகட்டும், நீங்கள் கேட்டது இதுவல்ல.

பருப்பு வெடித்த அன்றே நான் வேலைநிறுத்தம் தொடங்கினேன். என் தட்டு, டம்ளர், ஒரு கடாய் மூன்றையும் கழுவித் துடைத்து, கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். சின்னத்தனம் என்பீர்கள். இருக்கட்டும். இரண்டு நாளில் சிங்க் நிரம்பியது. மூன்றாம் நாள் கரப்பான்பூச்சி வந்தது. நான்காம் நாள் மூவரும் சேர்ந்து கடைக்குப் போனார்கள். மனம் மாறி நார் வாங்க, சோப்பு வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். பாக்குமட்டைத் தட்டு இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள்! அதில் ஒன்றை எடுத்து, “உங்களுக்கும் சேர்த்துத்தான் அக்கா” என்று நீட்டினாள் சேலத்துப் பெண். கோபப்படவும் முடியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து பேசினோம். பேச்சில் ஒன்றும் தீரவில்லை, நாகர்கோவில் பெண் அழுதாள். கடைசியில் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாவைப் பாத்திரம் விளக்க அமர்த்தி, சம்பளத்தை நான்காகப் பிரித்துக்கொண்டோம். உங்கள் வேலையை இன்னொரு பெண்ணின் தலையில் கட்டினீர்கள் என்று யாராவது வருவீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அம்மா முதல் நாளே, “காயவிட்ட பாத்திரத்தைத் தொடமாட்டேன். ஊறவைக்காவிட்டால் நாளைக்கு வேறு ஆள் பாருங்கள்” என்றார். மூவரும் மறுவார்த்தை பேசாமல் அன்றிரவே ஊறவைத்தார்கள். ஒரு வருடம் நான் கெஞ்சியது, ஒரே வாக்கியத்தில் நடந்தது. அவரை யாரும் அக்கா என்று கூப்பிடவில்லை, கவனித்தீர்களா? அவர் வேலைக்கு ஒரு விலை இருந்தது. நான் செய்தவரை அது பாசக் கணக்கில் போனது.

ஆள் வைக்க வசதி இல்லையென்றால், அவரவர் தட்டு, டம்ளரில் அவரவர் பெயரை வெட்டிக்கொள்ளுங்கள். பாத்திரக் கடைகளில் வெட்டித்தருவார்கள். யார் தட்டு என்ற வழக்கு முடியும். பொதுப் பாத்திரங்களுக்கு அது உதவாது, அதற்கு முறை வைத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் முறை இல்லாத நாளில் எவ்வளவு நாறினாலும் தொடாதீர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் குக்கர் மூடியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, வெயிட் போடும் குழாய் வழியாகப் பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை என்றால், சண்டையை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.