கிரேடு 2 என்றால் இரண்டாம் கட்டமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. குடிப்பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் உண்டு. போன வருடம் வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 1' என்றார்கள். இந்த வருடம் கிரேடு 2. அடுத்தது 3, அப்புறம் கல்லீரல் சுருங்கிப்போகும் சிரோசிஸ்தானே? தூக்கமே வரவில்லை. மாதாமாதம் ஸ்கேன் எடுக்கலாமா? கதிர்வீச்சு பாதிக்காதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கதிர்வீச்சுப் பயம் வேண்டாம். இந்த ஸ்கேனில் இருப்பது வெறும் ஒலி அலைதான். ஆனால் மாதாமாதம் எடுப்பதால் ஒன்றும் தெரியப்போவதில்லை, அவ்வளவு வேகமாக எதுவும் மாறாது.

இனி அந்த கிரேடு விஷயம். வலது விலாவுக்குக் கீழே கருவியை வைத்து "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்போம். கல்லீரல் கீழே இறங்கி, வலது சிறுநீரகத்தை ஒட்டித் திரையில் தெரியும். இரண்டின் சாம்பல் நிறத்தையும் ஒப்பிடுவோம். கொழுப்பு ஏற ஏற, சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் வெளுப்பாகத் தெரியும். அதற்குள் இருக்கும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கினால் கிரேடு 2. பின்னால் உள்ள உதரவிதானத்தின் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கோடே மறைந்துபோனால் 3. கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் இது. ஒருவர் 1 என்பதை இன்னொருவர் 2 என்று எழுதுவது எங்கள் துறையில் சகஜம்.

முக்கியமாக, அந்த எண் கொழுப்பைத்தான் சொல்கிறது, கல்லீரலுக்குள் விழுந்து அதை இறுக வைக்கும் தழும்பைச் சொல்வதில்லை. சிரோசிஸுக்குக் கொண்டுபோவது தழும்பு. என்னிடம் ஒருவர் வந்தார். சில வருடங்களில் கிரேடு 3 குறைந்து 1 ஆகிவிட்டது என்று அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கருவியை வைத்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. கல்லீரலின் மேற்பரப்பு கூழாங்கல் பரப்பியதுபோல மேடுபள்ளமாக இருந்தது. மண்ணீரல் 14 சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தது. இரண்டும் சிரோசிஸின் அடையாளங்கள். தழும்பு முற்றும்போது கொழுப்பு தானாகவே குறைந்துவிடுவதுண்டு. இடையில் ஒருமுறையாவது தழும்புக்கான சோதனை செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் இன்றும் எனக்கு உண்டு.

அதனால் உங்கள் கணவருக்கு அதைத்தான் கேளுங்கள். முதலில் வயது, ரத்தத்தில் உள்ள ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற இரண்டு நொதிகள், ரத்தத் தட்டணுக்கள் நான்கையும் வைத்துப் போடும் 'ஃபிப்-4' என்ற எளிய கணக்கு. அவர் வயதில் 1.3-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் நிம்மதி. அதிகமானால் 'ஃபைப்ரோஸ்கேன்'. விலா இடுக்கில் விரலால் சுண்டுவதுபோல ஒரு தட்டு. அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். இறுகிய கல்லீரலில் வேகமாக ஓடும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு அவசியம், சாப்பிட்டிருந்தால் அளவு கூடிக் காட்டும். கல்லீரலின் இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள், அது 8-க்குக் குறைவு என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

சிரோசிஸ் உறுதியானவர்களுக்குத்தான் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் கட்டாயம், புற்றுநோய்க் கட்டியைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்க. இவர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, உடல் எடை கூடுதலாக இருந்தால் 7 முதல் 10 சதவீதம் குறைக்கட்டும். கொழுப்பும் வீக்கமும் வடியும், பலருக்குத் தழும்பேகூட இளகும்.

அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் தாளோடு பழைய படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் மாற்றம் புரியும்.