பேச்சுமேடை யாருக்கு?

பிரெஞ்சுப் புரட்சியில் பெண்களைப் பற்றிக் கோத்தகிரி வாசகர் வட்டத்தில் பேசினேன். நேரம் போதவில்லை. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேத்தி, கல்லூரி மாணவி: பெண்கள் வெர்சாய் வரைக்கும் நடந்தே போனது நிஜமா டீச்சர்?

நிஜம்தான்மா. 1789 அக்டோபர் 5. ரொட்டி கிடைக்காத கோபத்தில் பாரிஸ் சந்தைப் பெண்கள், அரசர் இருந்த வெர்சாய் அரண்மனைக்குக் கிளம்பினார்கள். ஏறக்குறைய 20 கிலோமீட்டர், குன்னூரிலிருந்து ஊட்டிக்கு நடப்பது மாதிரி. மழை, சேறு, கூடவே இழுத்து வந்த பீரங்கிகள். மறுநாள் அரச குடும்பத்தையே பாரிசுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். 'ரொட்டிக்காரர், ரொட்டிக்காரர் பெண்டாட்டி, ரொட்டிக்காரர் பையன்' என்று அவர்களுக்குப் பேரும் வைத்தார்கள். பிள்ளைக்குச் சோறு தேடி அலைந்தவளுக்குத்தான் அப்படி ஒரு பேர் தோன்றும்.

அருவங்காடு வாசகர்: அதற்கப்புறம் ஓட்டு கிடைத்ததா?

இல்லை. 1791 அரசியலமைப்பு, மூன்று நாள் கூலி அளவுக்கு வரி கட்டும் ஆண்களுக்குத்தான் ஓட்டு தந்தது. 1792இல் விவாகரத்து உரிமை வந்தது, அது பெரிய விஷயம். ஓட்டுரிமை 1944இல்தான்.

குன்னூர் வாசகி: எழுத்தாளர் ஒலிம்ப் தெ கூஜைக் கொன்றது பெண்ணுரிமை கேட்டதற்காகவா?

நேரடியாக அதற்காக இல்லை. எந்த மாதிரி ஆட்சி வேண்டும் என்று மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் எனச் சுவரொட்டி அச்சிட்டார். அதற்காகத்தான் கைது, 1793 நவம்பர் 3இல் கில்லட்டினில் தலையை வெட்டினார்கள். 1791இல் அவர் எழுதிய பெண்ணுரிமைப் பிரகடனத்தின் பத்தாவது பிரிவைப் பாருங்கள்: கொலைமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டென்றால், பேச்சுமேடை ஏறவும் உரிமை வேண்டும். இதை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர்: பெண்களே பெண்களை எதிர்த்தார்கள் என்றீர்களே, ஏன்?

வலிக்கிற இடம் இதுதான் அக்கா. போலின் லியோனும் கிளேர் லகோம்பும் 1793இல் ஒரு பெண்கள் சங்கம் தொடங்கினார்கள். எல்லாப் பெண்களும் புரட்சியின் மூவண்ணச் சின்னத்தைக் குத்திக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சங்கம் வற்புறுத்தியது. விலைக் கட்டுப்பாடும் கேட்டது. சந்தையில் விற்றுப் பிழைத்த பெண்களுக்கு அது வயிற்றில் அடி. கைகலப்பானது. அதையே சாக்காக வைத்து அக்டோபர் 30இல் நாட்டிலிருந்த எல்லாப் பெண்கள் சங்கங்களையும் தடை செய்தார்கள். ஆண்கள் சங்கங்களில் மட்டும் அடிதடி நடக்கவில்லையா? இது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

கூடலூர் வாசகி: நம் பக்கம் பெண்களுக்கு ஓட்டு எப்போது?

சென்னை மாகாணத்தில் 1921இல், பிரான்சுக்கு 23 வருடம் முன்பே. ஆனால் சொத்துத் தகுதி கேட்டார்கள். இலை பறித்த கைகளில் மை பட்டது 1951-52 பொதுத் தேர்தலில்தான். அந்த முதல் ஓட்டைப் பற்றி உங்கள் பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால், அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள்.