மாவை வீசும் நாளுக்கு முன்னால்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, நாங்கள் பதினோராம் வகுப்பு. பள்ளி ஆண்டு விழாவுக்கு வகுப்புக்கு ஒரு பாட்டு வீடியோ எடுத்துத் தர வேண்டும். பாட்டு எங்கள் தோழியே எழுதி மெட்டுப் போட்டது. கடைசிச் சரணத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் இருபது பேரும் மாவையும் கேக்கையும் கலர்த் தண்ணீரையும் ஒருவர் மேல் ஒருவர் வீசி, கூடமே அலங்கோலமாகிவிடுவது போல யோசித்திருக்கிறோம். ‘ஒரு சனிக்கிழமை தருகிறேன், ஒரே தடவைதான்’ என்று மிஸ் சொல்லிவிட்டார். எங்களிடம் இருப்பது மூன்று போன், ஒரு ஸ்டாண்ட். சொதப்பாமல் எடுப்பது எப்படி?
– பிளஸ் ஒன் மாணவி, குன்னூர்

பதில்: முதலில் ஒரு கதை சொல்லிவிடுகிறேன் தங்கச்சி. சில வருடங்களுக்கு முன்னால் மலையில் ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்கு இதே மாதிரி ஒரு காட்சி எடுக்க உதவப் போனேன். ஐந்து கிலோ மைதா வாங்கி வந்திருந்தார்கள். எடுக்கும்போது எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம், எனக்கும்தான். முடிந்ததும் யாரோ தரையைக் கழுவலாம் என்று பைப்பைத் திறந்துவிட்டார்கள். மைதாவில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று பரோட்டாவுக்கு மாவு பிசைந்தவர்களைக் கேட்டால் தெரியும். தரை இடுக்கெல்லாம் மாவு இறுகிப்போய், தண்ணீர் போகும் வாய் அடைத்துக்கொண்டு, பிள்ளைகள் வேன் ஏறிப் போன பிறகு கூட்டிப் பெருக்கும் அக்கா இரண்டு பேர் உட்கார்ந்து கத்தியால் சுரண்டினார்கள். திங்கட்கிழமை காலையிலும் சுரண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நானும் யோசிக்கவில்லை. அந்த வீடியோவை இன்று வரை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், யார் துடைப்பது என்று பெயர் எழுதிவிடுங்கள். வீசுகிற இருபது பேரும்தான் துடைக்க வேண்டும். அதற்கு ஒன்றரை மணி நேரம் சனிக்கிழமைக்குள்ளேயே ஒதுக்குங்கள். அந்த அக்காக்களிடம் முன்னாடியே போய், ‘நாங்களே சுத்தம் செய்துவிடுகிறோம்க்கா, எப்படிச் செய்தால் தரை கெடாது என்று சொல்லிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அந்தத் தரையை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் பள்ளியில் யாரும் இல்லை.

சரி, எதை வீசுவது? மைதா வேண்டாம். சோளமாவு, அதாவது கடையில் கார்ன்ஃப்ளார் என்று விற்கிறார்களே, அது பச்சைத் தண்ணீரில் பிசின் மாதிரி ஒட்டாது, அடியில் படிந்துவிடும், துடைப்பது சுலபம். ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் தரை நன்றாக வழுக்கும், ஆகையால் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஓடுவது கிடையாது. முதலில் காய்ந்தபடியே கூட்டி அள்ளிச் சாக்கில் கட்டிவிட்டு, அப்புறம்தான் தண்ணீர். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினீர்கள் என்றால் கஞ்சி காய்ச்சினது போலாகிவிடும். கீழே தார்ப்பாய் விரித்துக்கொண்டால் வேலை பாதியாகும். கல்யாண வீடுகளில் விரிக்கிற பெரிய தார்ப்பாய் வாடகைக்குக் கிடைக்கும்.

கலர்த் தண்ணீருக்கு மஞ்சள்தூள் கலக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டுச் சோப்புப் போட்டால் சிவப்பாக மாறும், வெயிலில் பல நாள் காயப்போட்டால்தான் மெல்ல வெளுக்கும். மலையில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நல்ல ரோஜா நிறம் தரும், மஞ்சள் அளவுக்குப் பிடிவாதமும் இல்லை. எதுவானாலும் பழைய துணியில் ஒரு துளி விட்டுத் துவைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். முட்டை வேண்டாம், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, நாற்றமும் போகாது. சுண்ணாம்பு, கோலப்பொடி இரண்டையும் கிட்டவே கொண்டுவரக் கூடாது, சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும். ஜிகினாத் தூள், தெர்மாகோல் உருண்டை, பலூன் எதுவும் வேண்டாம். நீலகிரி பல வருடங்களாகப் பிளாஸ்டிக்கோடு போராடும் மாவட்டம், 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுக்கவே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. காற்றில் பறந்து ஓடைக்குப் போன ஜிகினாவை யாராலும் பொறுக்க முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மாவு காற்றில் பறக்கும்போது பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. அடுப்பு, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கம்பி மத்தாப்பு எதுவும். காற்றில் தூசியாகப் பரவிய மாவு குப்பென்று தீப்பிடிக்கும், வெடிக்கக்கூட செய்யும். உங்கள் கூடத்தை ஒட்டிச் சமையலறை இருந்தால் அன்றைக்கு அடுப்பை அணைத்துச் சிலிண்டரை மூடச் சொல்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் யார் என்று கேட்டு அவர்களைக் கேமரா பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தள்ளி.

இப்போது படம் எடுப்பது. வெள்ளை மாவு வெள்ளைச் சுவருக்கு முன்னால் கேமராவில் தெரியவே தெரியாது. பின்னால் கருப்போ கரும்பச்சையோ இருக்க வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வர வேண்டும். ஜன்னலைப் பார்த்து ஒரு ஓரமாகக் கேமராவை வைத்து ஒரு கைப்பிடி மாவைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு துகளும் மின்னும். குன்னூர் 6,000 அடி உயரம், மதியத்துக்கு மேல் பனிமூட்டம் ஏறிவிட்டால் அந்த வெளிச்சம் போய்விடும். பதினோரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் எடுத்துவிடுங்கள், ஈரத்தோடு நிற்கிறவர்களுக்கும் அதுதான் தாங்கும் நேரம்.

ஸ்லோமோஷன் ஆசை கட்டாயம் இருக்கும். நொடிக்கு 120 ஃபிரேம் எடுத்தால் வெளிச்சம் நிறைய வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் படபடவென்று துடிக்கும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு நூறு தடவை ஏறி இறங்குகிறது, கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்துவிடும். விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தை நம்புங்கள். ஸ்லோமோஷனிலேயே உங்கள் தோழி பாட வேண்டும் என்றால் 60 ஃபிரேமில் எடுங்கள், ஸ்பீக்கரில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு அதற்கு வாயசைக்கச் சொல்லுங்கள். அப்புறம் 30 ஃபிரேமில் ஓட்டும்போது மாவு மெதுவாக விழும், உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும். நான்கைந்து நாள் பழகினால்தான் இந்த வாயசைப்பு வரும்.

ஒரே தடவை என்பதால் ஒத்திகையைக் கசக்கிய காகித உருண்டைகளை வைத்துச் செய்யுங்கள். யார் யார் மேல், பாட்டில் எந்தச் சொல்லுக்கு வீசுவது என்பது இருபது பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை முதலில் சுத்தமான முகங்கள் வரும் ஷாட் எல்லாவற்றையும் எடுத்து முடியுங்கள், அழுக்கான பிறகு திரும்பிப் போக முடியாது. மூன்று போனில் ஒன்று ஸ்டாண்டில், கூடம் முழுவதும் தெரிகிற மாதிரி, யாரும் தொடக் கூடாது. இரண்டாவது பாடுகிறவர் முகத்தை விட்டு நகரக் கூடாது. மூன்றாவது கைகளையும் தரையையும் எடுக்கட்டும், எடிட்டிங்கில் உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான். மூன்றிலும் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளை மாவு பறந்ததும் போன் தானாக இருட்டாக்கிவிடும். ஏரோப்ளேன் மோடு போட மறக்காதீர்கள். தொடங்கும்போது எல்லாக் கேமராவும் பார்க்க ஒரே ஒரு கைதட்டு, அதை வைத்து மூன்றையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கேக்கைப் பற்றிக் கடைசியாக. நிஜ கேக்கை வீச வேண்டாம் என்றுதான் சொல்வேன். விடிகாலையில் தோட்டத்துக்குப் போய்க் கொழுந்து பறிக்கும் அம்மாக்களின் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள், அவர்கள் வீட்டில் அந்தக் கேக் வருடத்துக்கு ஒரு நாள். பஞ்சுத் துண்டின் மேல் சோளமாவைக் கெட்டியாகக் கரைத்துப் பூசினால் கேமராவுக்கு அது கேக்தான்.

கேள்வி: ஐயா, என் மகன் ஒன்பதாம் வகுப்பு, அதிகம் பேச மாட்டான். பள்ளியில் எடுக்கும் பாட்டு வீடியோவில் பிறந்த நாள் பையனாக அவனைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் முகத்தைக் கேக்கில் அழுத்துவார்களாம். கேட்டால் ‘பரவாயில்லம்மா’ என்கிறான். ஆனால் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் தலையிடலாமா?
– ஒரு தாய், கொடைக்கானல்

பதில்: தலையிடுங்கள் அம்மா. பிள்ளைகள் ‘பரவாயில்லை’ என்று சொல்வது பல நேரம் ‘வேண்டாம் என்று சொன்னால் கூட்டத்தில் சேர்க்க மாட்டார்கள்’ என்பதைத்தான். ‘உனக்குப் பிடித்திருக்கிறதா’ என்று மறுபடி கேட்டால் அதே பதில்தான் வரும். ‘நீயே டைரக்டராக இருந்தால் யாருக்கு எந்த வேஷம் கொடுப்பாய்’ என்று கேட்டுப் பாருங்கள், அப்போது உள்ளே இருப்பது வெளியே வரும்.

பிறகு ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள், புகாராக இல்லாமல் யோசனை கேட்பது போல. நான் இந்த மாதிரிக் காட்சிகளுக்குப் போகும்போது வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அவரிடம் சொல்லலாம். யார் இந்தக் காட்சியை யோசித்தார்களோ அவர்தான் முதலில் பூசப்படுகிறவர். வகுப்பிலேயே ரொம்ப அமைதியான பிள்ளை கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டால் காட்சியே வேறு மாதிரி ஆகிவிடும், பார்க்கிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். ‘நிறுத்து’ என்று ஒரு சொல், அதை யார் சொன்னாலும் எல்லாக் கையும் கீழே இறங்க வேண்டும். நிஜமாகவே திடுக்கிடட்டும் என்று சொல்லாமல் செய்வது கூடவே கூடாது, நடிப்பு நன்றாக வரும் என்பார்கள், நம்பாதீர்கள். முகத்தைக் கேக்கில் அழுத்துவதும் ஆபத்து. அடுக்குக் கேக்குகளுக்குள் நிற்பதற்காகக் குச்சி செருகியிருப்பார்கள், அது கண்ணுக்கு நேராக இருக்கும்.

இன்னொன்று, இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வீடியோவில் வருவது பத்து நொடி, ஆனால் பதினைந்து போன்களில் மீதி இருபது நிமிடம் கிடக்கும். முகத்தில் கிரீம் வழிய அவன் நிற்கும் ஒரு நொடியை வெட்டி ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் போட்டுவிட்டால் அது பிளஸ் டூ வரை அவன் கூடவே வரும். எடுத்தது எல்லாம் அன்று சாயங்காலமே ஆசிரியர் கைக்குப் போய், மற்ற போன்களிலிருந்து அவர் முன்னால் அழிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிறகும் அவனுக்கு மனம் இல்லையென்றால் கேமராவுக்குப் பின்னால் வேலை கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஒலியும் எடிட்டிங்கும் தெரிந்த ஒரு பையன் வகுப்புக்கு எப்போதும் தேவை.

கேள்வி: எங்கள் பாட்டுக்குச் சேற்றில் உருளும் காட்சி வேண்டும். சோலைக்குக் கீழே ஒரு ஓடை இருக்கிறது, யாரும் வர மாட்டார்கள். அங்கே எடுக்கலாமா அண்ணா?
– பத்தாம் வகுப்பு மாணவன், கோத்தகிரி

பதில்: வேண்டாம் தம்பி. நீங்கள் கலக்குகிற தண்ணீர் கீழே ஏதாவது ஒரு ஊரின் குடத்துக்குத்தான் போகிறது. யாரும் வர மாட்டார்கள் என்கிறாய், ஆனால் காட்டுமாடு வரும், கரடி வரும். கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கே கரடி வரும் ஊர் உங்களுடையது, பை நிறையத் தின்பண்டத்தோடு அங்கே போய்ப் பாட்டுப் போட்டு ஆட வேண்டாம். காட்டு நிலமாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கவும் முடியாது. மழை நாளென்றால் அட்டை வேறு.

சேறு என்பது மண்ணும் தண்ணீரும்தானே, பள்ளி மைதானத்தின் ஒரு மூலையிலேயே செய்யலாம். காய்கறித் தோட்டத்து மண்ணை எடுக்காதே, எருவும் மருந்தும் கலந்திருக்கும். சுத்தமான செம்மண்ணைச் சல்லடையில் சலித்துக் கண்ணாடி, ஆணி, கல் எல்லாம் எடுத்துவிட்டு, முதல் நாளே ஊறப்போடு. எடுக்கும் நேரத்தில் இரண்டு மூன்று வாளி வெந்நீரைக் கலந்து கையை விட்டுப் பார், வெதுவெதுப்பாக இருந்தால்தான் பிள்ளைகள் இறங்கலாம், கோத்தகிரிக் குளிரில் ஐஸ் மாதிரிச் சேற்றில் படுத்தால் முகத்தில் பாட்டு வராது. கை கால் காயம் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். செம்மண் கறை வெள்ளையில் போகாது, அதனால் வீட்டில் தூக்கிப் போடப் போகிற சட்டையைக் கேட்டு வாங்கிக்கொள், யூனிஃபார்மில் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளி, ஒரு மாற்றுடை, ஒரு டம்ளர் சூடான டீ. கேமரா தயாராவதற்கு முன்னால் இது மூன்றும் அங்கே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: சினிமாப் பாட்டை வைத்து எடுக்கலாமா? – பிளஸ் டூ மாணவன், ஊட்டி

பதில்: பள்ளிக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன்னால் போட்டுக் காட்டுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. யூடியூபில் ஏற்றினால் அந்தச் சலுகை கூடவே வராது, பாட்டின் உரிமைக்காரர்கள் சார்பில் அங்குள்ள மென்பொருளே கண்டுபிடித்து நிறுத்திவிடலாம். மேலே குன்னூர்த் தங்கச்சி எழுதியிருப்பதைப் பார், வகுப்புத் தோழியே மெட்டுப் போட்டிருக்கிறாள். உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருப்பார், இந்த வாரமே கேட்டுப் பார்.